காப்பு அறுந்த கை

பிரான்சிலிருந்து என் தங்கை மகள் போன் பண்ணி, "பெரியம்மா, நாங்க ஒரு குழுவா ஊழியத்துக்கு வர்றோம். ஏழை நாட்டுல ஏழை ஜனங்களுக்கு மருத்துவ முகாம்" என்றாள். "எந்த நாட்டுக்குடி?" என்று கேட்டேன். "காரைக்காலுக்குத்தான்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நான் பிறந்து வளர்ந்து, நர்ஸாக வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஊர். இங்கே ஏழைகளே கிடையாது என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் லீவுக்கு வந்தபோதெல்லாம் நான் குளிப்பாட்டித் தலை துவட்டிவிட்ட பிள்ளை அதைச் சொன்னால் கோபம் வருமா வராதா?

வந்தது. இருந்தாலும் சரியென்றேன். அவள் டாக்டர். அவளுடைய தமிழ் வீட்டுத் தமிழ். சாப்பிடு, தூங்கு, இங்கே வா என்பதற்கு மேல் தாங்காது, என்னோடு பேசுவதெல்லாம் பிரெஞ்சில்தான். நோயாளி சொல்வதைக் கேட்டு அவளுக்குச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், ஊசி போடவும் ஆள் வேண்டும். இரண்டுக்கும் நான்தான் கிடைத்தேன். குழுவுக்குத் தலைவர் ஒரு வெள்ளைக்காரப் போதகர். நல்ல உயரம், நல்ல மனுஷர். வெயிலில் தொப்பி போடச் சொன்னால் கேட்காமல் முகமெல்லாம் செக்கச்செவேலென்று திரிந்தார். நான் மாதா கோயில்காரி, அவர்கள் வேறு சபை. என் கழுத்தில் செபமாலையைப் பார்த்ததும் அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

முகாமுக்குப் பிடித்த இடம், காரைக்காலை ஒட்டின மீனவர் ஊரான கிளிஞ்சல்மேட்டில் ஒரு கூடம். மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்க, ஆம்பிளைகள் வலை பின்னிக்கொண்டும் சீட்டாடிக்கொண்டும் ஊருக்குள்ளேயே இருந்தார்கள். இவர்கள் மூட்டை மூட்டையாகப் பழைய துணி கொண்டுவந்திருந்தார்கள். பிரித்தால் பாதி கம்பளிச் சட்டை. சித்திரை வெயிலில் கம்பளிச் சட்டை! ஒரு பொம்பளை ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "நர்ஸம்மா, இது எதுக்கு? ஐஸ்பெட்டியில இருக்கற மீனுக்குப் போத்தவா?" என்று கேட்டாள். அவள் என்ன சொன்னாள் என்று போதகர் ஆவலாகக் கேட்டார். நன்றி சொல்றாங்க என்றேன்.

ஆனால் முதல் நாளே ஒன்றைக் கவனித்தேன். தெருமுனையில் வேப்பிலைத் தோரணம், மைக் செட், கோயில் வாசலில் பந்தல். அம்மனுக்குக் காப்பு கட்டியிருந்தார்கள். தீ மிதிக்க நேர்ந்துகொண்டவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் துண்டு வைத்த கயிறு கட்டியிருப்பார்கள். கட்டிவிட்டால் தீ மிதித்து முடிக்கிறவரை கறி மீன் கிடையாது, குடி கிடையாது, ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது. "இந்த வாரம் வேண்டாம்டி, திருவிழா முடியட்டும்" என்றேன். "டிக்கெட் எடுத்தாச்சு பெரியம்மா" என்றாள். டிக்கெட்டுக்கு முன்னால் அம்மன் எம்மாத்திரம், நான் எம்மாத்திரம்?

முகாம் பாதி நடந்திருக்கும். ஒரு நாள் காலையில் மீன் விற்கிற பொம்பளை ஒருத்தி இடது கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். நன்றாக உழைத்த உடம்பு. முகத்தில் சுரம் கொதித்தது. "கெளுத்தி முள்ளு குத்திடுச்சு நர்ஸம்மா. மஞ்சளும் சுண்ணாம்பும் கொழச்சுப் போட்டேன், கேக்கல" என்று கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். மாதாவே! புறங்கை வீங்கிப் பளபளத்தது. இரண்டு விரல்நுனி கறுத்திருந்தது. மணிக்கட்டில் காப்புக் கயிறு சதைக்குள் புதைந்து, மேலே மஞ்சள் துண்டு மட்டும் தெரிந்தது. சுகர் மிஷினில் ஒரு சொட்டு ரத்தம் வைத்தேன். அது எண்ணே காட்டவில்லை, ரொம்ப அதிகம் என்பதற்கு ஒரு எழுத்துக் காட்டும், அதைக் காட்டியது.

"உடனே பெரியாஸ்பத்திரி" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு, போகிற முன் ஒரு ஊசியாவது ஏற்றலாமென்று பின்னறைக்கு மருந்தெடுக்கப் போனேன். திரும்பி வந்து பார்க்கிறேன், கயிறு தரையில் கிடக்கிறது. என் தங்கை மகள் கையில் கத்தரிக்கோல். போதகர் அந்தப் பொம்பளையின் தலைமேல் கை வைத்து, கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறார். அந்தக் காட்சியை வாசலில் நின்றவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவள் முதலில் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். பிறகு போட்டாளே ஒரு சத்தம், இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது.

"காப்ப அறுத்துட்டு ஜெபம் பண்றாங்கப்பா!" என்று எவனோ கத்த, சீட்டாடிக்கொண்டிருந்தவன், வலை பின்னிக்கொண்டிருந்தவன் அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிட்டான்கள். ஒருத்தன் செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தான். வந்தவர்கள் எல்லாம் டூரிஸ்ட் விசா. ஒரு வீடியோ போதும், ஒரு போன் போதும். மதம் மாத்த வந்தாங்க என்று ஊர் முழுக்கத் தீயாகப் பரவும், வெளியூரிலிருந்து ஆள் வருவார்கள், அப்புறம் எது நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதையெல்லாம்விட, இந்தக் கை இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் இவள் பிழைக்க மாட்டாள்.

"ரத்தம் ஓடாது பெரியம்மா. கை வீங்கினா மோதிரம், கயிறு எல்லாம் முதல்ல எடுக்கணும், அதுதான் ரூல்" என்றாள் என் தங்கை மகள். ரூல் சரிதான். நானாக இருந்தாலும் அறுத்திருப்பேன். கேட்டுவிட்டு அறுத்திருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம். போதகரைப் பார்த்து, "ஐயா, புண்ணியமாப் போகும், உங்க ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு உள்ள போய் உக்காருங்க, வாயைத் திறந்து ஜெபம் மட்டும் பண்ணிடாதீங்க" என்றேன். பயப்படாதே என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அவருக்கென்ன, பயமில்லாமல் இருப்பதற்கு அவருக்கு ரிட்டர்ன் டிக்கெட் இருக்கிறது.

பால்பாயின்ட் பேனாவை எடுத்து, அவள் முழங்கைக்குக் கீழே சிவப்பு நிற்கிற இடத்தில் ஒரு கோடு போட்டேன். விஷம் ஏறுகிறதா என்று பார்க்க நாங்கள் செய்கிற வேலை. சிவப்பு கோட்டைத் தாண்டினால் ஏறுகிறது என்று அர்த்தம்.

பஞ்சாயத்துத் தலைவரும் பூசாரியும் வந்தார்கள். தலைவர் குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "வெள்ளைக்காரருக்குத் தெரியாது, அவர விடுங்க" என்று சொல்லிவிட்டு என் தங்கை மகள் பக்கம் திரும்பினார். "இவுங்க நம்ம மூஞ்சிதானே நர்ஸம்மா. மணிக்கட்டுல மஞ்சக் கயிறு இருந்தா என்னன்னு இவுங்களுக்குமா தெரியாது?"

அது அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் செத்துப்போயிற்று. தனக்குத் தெரிந்த தமிழைத் தேடிப் பொறுக்கி, "தெரியாது. தப்பு. மன்னிச்சிடுங்க. இந்தம்மா செத்துடும், சீக்கிரம்" என்றாள். கூட்டத்தில் கொஞ்சம் சத்தம் அடங்கியது. தலைவர் செல்போன்காரனைப் பார்த்து, "அத அழிச்சுட்டு அப்புறம் இங்க நில்லு" என்றார். அவன் முணுமுணுத்துக்கொண்டே அழித்தான்.

அறுந்த காப்புக்குப் பரிகாரம் உண்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து வேறு காப்பு கட்டலாம் என்றார் பூசாரி. அப்பாடா என்று நினைத்தேன். அங்கேதான் வந்தது வினை. "அப்பக் கட்டிவிடுங்க சாமி, நான் வீட்டுக்குப் போறேன்" என்று எழுந்துவிட்டாள் மீன்காரி. "அடியே, ஆஸ்பத்திரிக்கு!" என்றேன். "பகல்ல போய் ஊசி போட்டுக்கிட்டு, பொழுது சாய வந்துடறேன்." "கையைக் கிழிச்சு சீழ் எடுக்கணும், மருந்து ஏறிக்கிட்டே இருக்கணும், ராத்திரி அங்கதான் கிடக்கணும்." "அப்ப வரல."

பெரியாஸ்பத்திரி என்ன பட்டணத்திலா இருக்கிறது? ஆட்டோவில் ஏறினால் ஒரு பாட்டு முடிவதற்குள் காரைக்கால். ஆனால் எல்லை எல்லைதான்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "நீ செத்தா மட்டும் ஊர் எல்லைக்குள்ளயே கெடப்பியா?" என்று கேட்டுவிட்டேன். "கெடப்பேன்" என்றாள். வீம்பாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு உட்கார்ந்து மெதுவாகப் பேசினாள். சுனாமியில் அவள் பெண் பிள்ளை போய்விட்டது. இடுப்பில் வைத்திருந்த பிள்ளை. அதற்கப்புறம் பிறந்தவன் ஒரே மகன். இப்போது விசைப்படகில் போகிறான். தடைக்காலம் முடிந்ததும் மறுபடி ஆழ்கடல். காற்றடித்தாலும் பயம், நேவிக்காரன் பிடித்தாலும் பயம். அவனுக்காகத்தான் தீ மிதிக்க நேர்ந்திருக்கிறாள். "ஒண்ணக் கடலுக்குக் குடுத்தாச்சு நர்ஸம்மா. நான் பொழைக்கணும்னு இவனையும் தூக்கிக் குடுக்கச் சொல்றீங்களா?"

எங்கம்மா எனக்காக நேர்ந்துகொண்டு, காவிச்சேலை கட்டி, சுரத்தோடு வெறுங்காலில் வேளாங்கண்ணிக்கு நடந்தவள். அதைச் சொன்னேன். மாதா ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டாள், பாதியில் நிறுத்தினால்கூட மன்னிப்பாள் என்று சொல்ல வந்தேன். அவள் குறுக்கே, "உங்கம்மா நிறுத்துனாங்களா?" என்று கேட்டாள். நிறுத்தவில்லை.

அப்போதுதான் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அவள் புருஷன் வந்தான். ஒல்லி, குழி விழுந்த கன்னம், காலையிலேயே வாசனை. "சாமி, அவ காப்ப எனக்குக் கட்டிவுடுங்க. அவளுக்குப் பதிலா நான் மிதிக்கறேன்" என்றான்.

கொல்லென்று சிரித்தார்கள். அந்த நேரத்திலும் சிரித்தார்கள்! எங்கள் ஊர் யூனியன் பிரதேசம், தடுக்கி விழுந்தால் ஒயின் ஷாப். அந்த ஆள் தடுக்காமலே விழுகிறவன் என்று ஊருக்கே தெரியும். பூசாரி சிரிக்கவில்லை. "புருஷன் பொண்டாட்டி நேர்ச்ச ஒண்ணுதான். தாராளமாக் கட்டலாம். ஆனா ஒரு சொட்டு உள்ள போச்சு, வெளயாட்டில்ல" என்றார்.

"இந்த ஆளையா?" என்றாள் அவள். "பொழுது சாயற வரைக்கும் தாங்க மாட்டாரு. என் புள்ள உசுர இவரு கையில குடுத்துட்டு நான் போகணுமா?" அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் அவள் கையைத் திருப்பினேன். சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. அவள் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். "பாரு. நான் கோடு போட்டப்ப இது இங்க இல்ல. இது தோளுக்கு வந்துட்டா யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. உன் ஆளை நான் பார்த்துக்கிறேன். தினமும் வந்து வாயை மோந்து பார்க்கிறேன். குடிச்சா அன்னைக்கே வந்து உன்கிட்ட சொல்லிடறேன், ஒளிக்க மாட்டேன்."

"ஒளிக்க மாட்டீங்க?"

"மாட்டேன்."

பூசாரி அவனைக் குளித்துவிட்டு ஈரத்துணியோடு வரச் சொல்லி, வலது மணிக்கட்டில் காப்பு கட்டினார். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஆட்டோவில் ஏறினாள்.

அன்றே கையைக் கிழித்தார்கள். இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. மருந்து மயக்கம் தெளிந்ததும் அவள் தன் கை என்னவாயிற்று என்று கேட்கவேயில்லை. அவ்வளவு பெரிய கட்டு, அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலையில் நான் போனதும் ஒரே கேள்வி: "குடிச்சாரா?" "இல்லை" என்பேன். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். நம்பவில்லை என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

முகாமை மூடிவிட்டார்கள். குழு காரைக்காலில் லாட்ஜில் அடைந்துகிடந்தது. போதகர் என்னைக் கூப்பிட்டு, ரொம்ப அன்பாக, நாம் இங்கே வந்தது ஆண்டவருக்கு ஊழியம் செய்ய, விக்கிரகத்துக்குச் செய்த நேர்ச்சைக்கு நீங்கள் காவல் இருக்கிறீர்களே என்றார். "ஐயா, நான் ஒரு குடிகாரனைக் குடிக்காமப் பார்த்துக்கிறேன். இது பாவத்துல சேர்த்தியா, சொல்லுங்க" என்றேன். எனக்காக ஜெபிக்கிறேன் என்றார். "பண்ணுங்க, எனக்கும் வேணும்" என்றேன். நிஜமாகவே வேண்டியிருந்தது.

சாயங்காலம் ஆனால் கிளிஞ்சல்மேடு. "ஊதுங்க" என்பேன். ஹெல்மெட் போடாதவனை மறித்த போலீஸ் மாதிரி நான் நிற்க, அவன் ஊதுவான். தெருவே வேடிக்கை பார்க்கும். முதலில் எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு சிரிப்பு போய்விட்டது. அவன் கை நடுங்க ஆரம்பித்தது. வேர்த்துக் கொட்டியது. சுவரில் நண்டு ஊர்கிறது என்று கையால் தட்டிவிட்டான். பல வருஷமாகக் குடிக்கிறவன் ஒரே நாளில் நிறுத்தினால் இப்படித்தான் வரும். வலிப்பு வரலாம், ஆளே போகலாம். அவனை ஆஸ்பத்திரியில் சேர்க்கலாமா? சேர்த்தால் ராத்தங்க வேண்டும். எங்கே சுற்றினாலும் அந்த எல்லையில் வந்து முட்டியது.

தங்கை மகளிடம் போய்ச் சொன்னேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். போதகர் வேண்டாம் என்று சொன்னது என் காதில் விழுந்தது. "என் பேஷண்ட்" என்று பிரெஞ்சில் ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வந்தாள். அதிலிருந்து பகல் முழுக்க அந்த வீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். மாத்திரை கொடுப்பாள், நாடி பார்ப்பாள், குளுக்கோஸ் தண்ணீர் புகட்டுவாள். மகன் அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருப்பான். பக்கத்து வீட்டுப் பொம்பளைகள் எட்டிப் பார்த்தார்கள். காப்பை அறுத்தவள் என்று முதல் நாள் முகத்தைத் திருப்பினவள் ஒருத்தி, அடுத்த நாள் இவளுக்கு மோர் கொண்டுவந்து வைத்தாள்.

தீமிதிக்கு முதல் நாள் நான் போனபோது அவனைக் காணோம். தங்கை மகள் சாப்பிடப் போன நேரத்தில் எழுந்து போய்விட்டான். மகன் ஒரு பக்கம் தேடினான், நான் ஒரு பக்கம். சாலையில் இருக்கிற ஒயின் ஷாப் ஒன்றுவிடாமல் எட்டிப் பார்த்தேன். வெள்ளைப் புடவையும் செபமாலையுமாக ஒரு கிழவி பாரில் தலையை நீட்டினால் எப்படியிருக்கும்? "நர்ஸம்மா, உங்களுக்கு என்ன வேணும், குவாட்டரா?" என்று ஒருத்தன் கேட்டான். வேறு நாளாக இருந்தால் கன்னத்தில் விட்டிருப்பேன். எனக்கு மனசெல்லாம் அவளிடம் போய் என்ன சொல்வது என்பதுதான். ஒளிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்திருக்கிறேனே. சொன்னால் அவள் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஊருக்கு ஓடி வருவாள். சொல்லாவிட்டால் நான் யார்?

கடற்கரையில் கண்டுபிடித்தேன். படகுகளைத் தாண்டி, அலை அடிக்கிற இடத்தில் மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தான். காப்புக் கையை மட்டும் மேலே தூக்கி வைத்திருந்தான். "கேக்குது நர்ஸம்மா. தொண்ட அதையே கேக்குது. இப்டி ஒக்காந்தா கொஞ்சம் மறக்குது" என்று அழுதான். புடவையோடு தண்ணீரில் இறங்கி, "ஊதுங்க" என்றேன். ஊதினான். உப்புத் தண்ணீர் வாடையும் மாத்திரை வாடையும்தான். நான் அங்கேயே நின்று அழுதுவிட்டேன், எதற்கு மறைக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் மேளச் சத்தத்தில் அவன் மிதித்தான். இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வந்தார்கள், வேண்டாமென்று கையை உதறிவிட்டு இறங்கினான். கால் தள்ளாடியது, ஆனால் நடந்து கடந்தான். தடுப்புக்குப் பின்னால் நின்று நானும் தங்கை மகளும் பார்த்தோம். அவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

அடுத்த நாள் காலை வார்டுக்குப் போனேன். போதகரும் ஊருக்குக் கிளம்புமுன் பழம் வாங்கிக்கொண்டு அங்கே வந்திருந்தார்.

"முடிச்சாரா?" என்றாள்.

"முடிச்சாச்சு. நான் பார்த்தேன்."

"குடிக்காமயா?"

"குடிக்காம."

அவள் நம்பாமல் தலையை ஆட்டினாள். "நான் பொழைக்கணும்னுதான் இப்டிச் சொல்றீங்க. நர்ஸுமாருங்க அப்டித்தான் சொல்வீங்க. எங்க அக்கா சாவறப்பவும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க." நல்ல கையை என் முன்னால் நீட்டினாள். அதில் மருந்து ஏற்றுகிற ஊசி ஒட்டியிருந்தது. "எங்கம்மன் மேல வேணாம், அது உங்களுக்கு ஒண்ணுமில்ல. உங்க இயேசு மேல சத்தியம் பண்ணிச் சொல்லுங்க."

சத்தியமே பண்ணக் கூடாது என்று ஞானோபதேச வகுப்பிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். அதுவும் எதற்கு? ஒருத்தன் அம்மனுக்கு விரதம் கெடாமல் தீ மிதித்தான் என்பதற்கு. போதகர் பக்கத்தில் நின்று என்ன, என்ன கேட்கிறார்கள் என்றார். அவள் உள்ளங்கையில் என் கையை வைத்தேன்.

"இயேசு சத்தியமா, உன் புருஷன் ஒரு சொட்டுத் தொடல."

பெரிதாக மூச்சு விட்டாள். கண்ணை மூடினாள், கொஞ்ச நேரம் உதடு மட்டும் அசைந்தது. பிறகு எழுந்து உட்கார்ந்து, இத்தனை நாளில் முதல் தடவையாக அந்தக் கட்டுப் போட்ட கையைத் தூக்கி மடிமேல் வைத்தாள்.

"சரி நர்ஸம்மா, பிரிங்க. எத்தன வெரலு போச்சுன்னு பாப்பம்."